இந்தியானாவின் நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த என்.சி.சி.?

காக்கிச் சட்டையும் பூட்ஸும் போட்டு அணிவகுக்கும் நம்மூர் என்.சி.சி. அல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1926-ல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு இது. முழுப் பெயர் நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ். எல்லா விளையாட்டும் இதில் உண்டு என்றாலும் ஊர் பேசியதெல்லாம் ஆண்கள் கூடைப்பந்து ஒன்றைத்தான். இந்தப் பக்கமும் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும்.

கூட்டமைப்பு என்ன வேலை செய்கிறது?

பள்ளிகள் ஆண்டுதோறும் யாரோடு மோதுவது என்று தேடி அலையாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள, பேருந்தில் போய் அன்றிரவே வீடு திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள சில பள்ளிகள் சேர்ந்துகொள்கின்றன. ஆட்ட அட்டவணை, கூட்டமைப்பின் பட்டம், பருவ முடிவில் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல் ஆகியவை அதன் பொறுப்பு. முடிவுகளைப் பள்ளி முதல்வர்களும் விளையாட்டு இயக்குநர்களும் எடுக்கிறார்கள்.

இதில் பட்டம் வென்றால்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியுமா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மாநிலப் போட்டியை நடத்துவது 1903-ல் உருவான இந்தியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். கூடைப்பந்தில் அதன் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணிக்கும் இடம் உண்டு. முதல் சுற்றான செக்‌ஷனலில் யாரோடு யார் என்பது நீண்ட காலமாகச் சீட்டுக் குலுக்கலில்தான் முடிவானது. கூட்டமைப்பின் சாம்பியன் முதல் இரவே தோற்று வெளியேறலாம். அப்படி நடந்தும் இருக்கிறது.

எந்தெந்தப் பள்ளிகள் உறுப்பினர்கள்?

அச்சாணி என்று சொல்லத்தக்கவை ஏழு: ஆன்டர்சன், கோகோமோ, லஃபாயெட் ஜெஃபர்சன், லோகன்ஸ்போர்ட், மேரியன், மன்சி சென்ட்ரல், ரிச்மண்ட். லஃபாயெட் ஜெஃபர்சனை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, வெறும் ‘ஜெஃப்’தான். தலைநகர் இந்தியானாபொலிஸிலிருந்து ஆர்சனல் டெக் இருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணுவ ஆயுதக் கிடங்காக இருந்த 76 ஏக்கர் வளாகத்தில் அந்தப் பள்ளி இயங்குகிறது. 2010களில் லஃபாயெட்டைச் சுற்றியுள்ள கிராமப்புறங்களுக்கான ஹாரிசன், மெக்கட்சன் என்ற இரண்டு பள்ளிகள் சேர்ந்ததும் எண்ணிக்கை பத்தானது.

போனவர்கள் பட்டியலும் முக்கியம். ஃபிராங்க்ஃபர்ட் 1960களில் விலகியது. நியூ காசில் 2013 வரை இருந்தது. ஹன்டிங்டன் நார்த் 2000களில் வந்து அடுத்த பத்தாண்டில் கிளம்பிவிட்டது. பழைய ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஹன்டிங்டனை மறந்துவிடுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டை மறக்க மாட்டார்கள்.

ஏன் குறிப்பாக இந்த ஊர்கள்?

1886 வாக்கில் கிழக்கு மத்திய இந்தியானாவின் நிலத்தடியில் இயற்கை எரிவாயு பெருமளவில் கிடைத்தது. மன்சி, ஆன்டர்சன், மேரியன், கோகோமோ எல்லாம் அந்தப் படுகையின் மேல் உட்கார்ந்திருந்த ஊர்கள். எரிபொருள் மலிவு என்றதும் கண்ணாடித் தொழிற்சாலைகள் படையெடுத்தன. ஊறுகாய், பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகளுக்குப் பேர்போன பால் சகோதரர்கள் மன்சிக்கு வந்தது அப்படித்தான். வாயு இருபது ஆண்டுகளுக்குள் தீர்ந்துபோனாலும் ஆலைகளும் ஆட்களும் தங்கிவிட்டார்கள். அடுத்து மோட்டார் வாகனத் தொழில் வந்தது. கோகோமோவில் எல்வுட் ஹேய்ன்ஸ் 1894 ஜூலை 4 அன்று தன் காரை ஓட்டிக் காட்டியிருந்தார். ஆன்டர்சனில் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரெமி, கைடு லாம்ப் ஆலைகள் ஊரில் பாதிக்குச் சோறு போட்டன.

கிட்டத்தட்ட எல்லாமே மாவட்டத் தலைநகரங்கள். ஊருக்கு நடுவே நீதிமன்றம், அதைச் சுற்றிக் கடைத்தெரு, ஓரத்தில் ஆலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை மின்சார ரயில் பாதைகள் பின்னியிருந்தன. நெடுஞ்சாலைகள் வருமுன்பே வெளியூர் ஆட்டத்துக்கு ரசிகர்கள் ரயிலேறிப் போய்வர முடிந்தது.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது, ஊருக்கு ஒரே அரசு உயர்நிலைப் பள்ளி என்ற நிலை. ஆலை முதலாளியின் மகனும் உலைக்களத்தில் வேலை செய்பவரின் மகனும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஊரும் பள்ளியும் அணியும் ஒரே பெயர். சிகாகோவிலோ நியூயார்க்கிலோ ஒரு பள்ளி அணிக்காக மொத்த நகரமும் கூடாது. இங்கே கூடியது.

உலகிலேயே பெரிய பள்ளி உள்ளரங்கு இங்கே என்பது உண்மையா?

நீண்ட காலமாக அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 1959-ல் திறந்த நியூ காசில் ஃபீல்ட்ஹவுஸ்தான் அது. தரைமட்டத்துக்குக் கீழே குழிபோல் இறங்கும் ஆடுகளம், சுற்றிலும் மேலேறும் கேலரி. முழுதும் நிரம்பினால் 9,000 பேருக்கு மேல் உட்காரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஊரின் மக்கள்தொகையோ இன்று இருபதாயிரத்துக்கும் குறைவு. ஊரில் பாதிப் பேர் ஒரே கூரையின் கீழ் அடங்கிவிடலாம்!

அது தனி அதிசயமும் இல்லை. ஆன்டர்சனின் பழைய அரங்கு 1958-ல் தீயில் எரிந்துபோக, 1961-ல் ‘விக்வாம்’ எழுந்தது. இருக்கைகள் 8,996. ரிச்மண்டின் டியர்னன் சென்டரில் 8,000 பேருக்கு மேல், மேரியனின் பில் கிரீன் அரங்கில் 7,500 பேருக்கு மேல், ஜெஃபின் கிராலி சென்டரில் 7,000 பேருக்கு மேல் அமரலாம். மன்சி, கோகோமோ, லோகன்ஸ்போர்ட் அரங்குகளும் ஆயிரக்கணக்கில்தான். பல கல்லூரிகளுக்கே இப்படி ஒன்று கிடையாது.

ஊர்ப் பெருமை மட்டும் இதற்குக் காரணமில்லை, கணக்கும் உண்டு. பெரிய அரங்கு உள்ள ஊருக்கே செக்‌ஷனலையும் அடுத்த சுற்றுகளையும் நடத்தும் வாய்ப்பு வரும். சொந்த மண்ணில் ஆடலாம், ஊர்க் கடைகளுக்கும் வியாபாரம். ஒருவர் கட்டினால் பக்கத்து ஊர்க்காரர் அதைவிட நூறு இருக்கை கூடுதலாகப் போடுவார். கோபுரத்தின் உயரத்தில் போட்டி போட்ட ஊர்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. சீசன் டிக்கெட்டைத் தந்தையிடமிருந்து மகன் சொத்துபோல வாங்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

விக்வாம் இப்போது என்ன ஆயிற்று?

2011-ல் பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் பள்ளி நிர்வாகம் மூடிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகள் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தன. இடிக்காமல் காப்பாற்றி வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள், ஆனால் பள்ளி அணியின் வெள்ளிக்கிழமை இரவுகள் போனது போனதுதான். மன்சி ஃபீல்ட்ஹவுஸுக்கும் சோதனை வந்தது. 1928-ல் கட்டிய அரங்கின் கூரையை 2017 நவம்பர் புயல் பெயர்த்தது. அதைப் பழுது பார்த்துத் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

மாநிலப் பட்டங்களில் யார் முன்னால்?

மன்சி சென்ட்ரலும் மேரியனும் தலைக்கு எட்டு. மன்சி 1928, 1931, 1951, 1952, 1963, 1978, 1979, 1988. மேரியன் 1926, 1975, 1976, 1985, 1986, 1987, 2000, 2016. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நான்கு, நான்கும் எவரெட் கேஸ் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ். அவர் பிறகு வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கல்லூரிக் கூடைப்பந்தையே மாற்றினார். வெற்றிக்குப் பின் வளையத்தின் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை 1947-ல் கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுபோனது அவர்தான். விதை இந்தியானாவில் விழுந்தது. ஆன்டர்சனுக்கு மூன்று (1935, 1937, 1946), ஜெஃபுக்கு மூன்று (1916, 1948, 1964).

1992 இறுதி ஆட்டம் கூட்டமைப்பின் குடும்ப விழாவாகவே ஆனது. ரிச்மண்டும் ஜெஃபும் மோதி, கூடுதல் நேரத்தில் ரிச்மண்ட் 77–73 என்று வென்றது.

பயிற்சியாளர் ஜான் வுடன் இந்தக் கதையில் எங்கே வருகிறார்?

எதிர்த்தரப்பில். பின்னாளில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்து தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்த வுடன், பள்ளிப் பருவத்தில் மார்ட்டின்ஸ்வில் அணிக்கு ஆடினார். தொடர்ந்து மூன்று இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் எதிரே என்.சி.சி. ஊர்களே நின்றன. 1926-ல் மேரியனிடம் தோல்வி, 1927-ல் மன்சியை வென்று பட்டம். 1928-ல் மறுபடி மன்சி. 12–11 என்று மார்ட்டின்ஸ்வில் முன்னால் இருக்க, மன்சியின் சார்லி செக்ரிஸ்ட் நடுக்களத்திலிருந்து கூரையைத் தொடுவதுபோல் உயரே எறிந்த பந்து நேராக வளையத்துக்குள் இறங்கியது. 13–12. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஸ்கோரைச் சொன்னால் முதல் கால்பகுதி முடிவா என்று கேட்பார்கள்.

மிலன் கதையில் தோற்றது இந்தக் கூட்டமைப்பின் அணியா?

ஆமாம், மன்சி சென்ட்ரல். 1954 மார்ச்சில் நடந்த மாநில இறுதி ஆட்டம் அது, வென்றது மிலன் என்ற சின்ன ஊரின் பள்ளி. மிலன் பள்ளியில் மொத்த மாணவர்களே 161 பேர், மன்சியில் அதைப்போல் பத்து மடங்கு. மன்சி அதற்கு முன் 1951, 1952 பட்டங்களை வென்ற வம்சம். நான்காவது கால்பகுதியில் மிலனின் பாபி பிளம்ப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடங்களுக்கு மேல் சும்மா நின்றார். இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. 30–30 என்று சமநிலையில் கடைசி நொடிகளில் எறிந்தார். 32–30.

நாடு முழுக்கத் தெரிந்த கதை இது. 1986-ல் ஹாலிவுட் படமும் இதைத் தழுவி வந்தது. ஆனால் சின்ன ஊர் பெரிய ஊரை வென்றது என்று சொல்லிச் சொல்லியே மன்சியைப் பணக்கார வில்லன் ஆக்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம். அந்த மன்சி அணியில் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். மிலன் அணியில் எல்லாரும் வெள்ளையர்.

அப்படியானால் இனப் பாகுபாடு இந்தக் கூட்டமைப்பில் இல்லையா?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பள்ளிகளையும் கத்தோலிக்கப் பள்ளிகளையும் மாநிலச் சங்கம் 1942 வரை சேர்க்கவே இல்லை. இந்தியானாபொலிஸின் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளி அப்படி வெளியே நின்றது. என்.சி.சி. ஊர்களில் ஒரே பள்ளிதான் என்பதால் கறுப்பின மாணவர்கள் அதே அணியில் ஆட முடிந்தது. களத்துக்கு வெளியே நிலைமை வேறு. 1930 ஆகஸ்ட் 7 அன்று மேரியன் நீதிமன்றச் சதுக்கத்தில் தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்ற இரு கறுப்பின இளைஞர்களைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து தூக்கில் தொங்கவிட்டது.

ஆன்டர்சனின் ஜானி வில்சன் கதையைக் கேளுங்கள். 1946 இறுதி ஆட்டத்தில் தனியாளாக 30 புள்ளிகள் எடுத்து ஊருக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ‘மிஸ்டர் பாஸ்கெட்பால்’ பட்டமும் அவருக்கே. ஆனால் இந்தியானா பல்கலைக்கழகம் அவருக்கு அணியில் இடம் தரவில்லை. பிக் டென் கூட்டமைப்பின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினக் கூடைப்பந்து வீரர்களைச் சேர்ப்பதில்லை என்று எழுதாத ஒப்பந்தம் வைத்திருந்தன. வில்சன் உள்ளூர் ஆன்டர்சன் கல்லூரியில் படித்தார், பிறகு ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் ஆடினார். அடுத்த ஆண்டின் மிஸ்டர் பாஸ்கெட்பால், ஷெல்பிவில்லின் பில் கேரெட்தான் அந்தச் சுவரை உடைத்தவர்.

1955-ல் ஆட்டக்ஸ் பட்டம் வென்றபோது அவர்களைத் தோல்வியின் விளிம்புவரை கொண்டுபோனதும் மன்சி சென்ட்ரல்தான். இறுதிச் சுற்றுக்கு முந்தைய செமிஸ்டேட் சுற்றில் ஆட்டக்ஸ் 71–70 என்று தப்பியது. கடைசி நேரத்தில் மன்சி ஆட்டக்காரர் தன் அணிக்காரருக்கு எறிந்த பந்தைப் பாய்ந்து பறித்தவர் ஆட்டக்ஸின் ஆஸ்கர் ராபர்ட்சன். ஆட்டக்ஸின் வெற்றி ஊர்வலத்தை நகர மையத்தில் தங்கவிடாமல் கறுப்பினத்தவர் வாழும் பகுதியின் பூங்காவுக்குத் திருப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டும் ஆட்டக்ஸே சாம்பியன். இறுதியில் தோற்றது ஜெஃப்.

மேரியனின் மூன்று ஆண்டுகள் ஏன் அவ்வளவு பேசப்படுகின்றன?

1985, 86, 87 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். அதற்கு முன் இதைச் செய்தது 1920–22-ல் ஃபிராங்க்ளின் மட்டும். ஜே எட்வர்ட்ஸ், லிண்டன் ஜோன்ஸ் இருவரும் 1987-ல் மிஸ்டர் பாஸ்கெட்பாலைப் பகிர்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர் பில் கிரீனுக்கு மாநிலப் பட்டங்கள் மொத்தம் ஆறு. ஒன்று 1969-ல் இந்தியானாபொலிஸ் வாஷிங்டனோடு, ஐந்து மேரியனோடு. பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் நீண்ட காலம் ஆடிய சாக் ராண்டால்ஃப் 2000-த்தின் அணியைச் சேர்ந்தவர்.

பள்ளிகள் ஏன் விலகுகின்றன?

மாணவர் எண்ணிக்கைதான் பெரும்பாலும் காரணம். ஃபிராங்க்ஃபர்ட், நியூ காசில் ஊர்கள் மற்றவற்றைவிடச் சிறியவை. கூடைப்பந்துக்கு ஐந்து நல்ல பிள்ளைகள் போதும். அமெரிக்கக் கால்பந்துக்கு நாற்பது ஐம்பது பேர் வேண்டும். இரட்டிப்பு மாணவர் உள்ள பள்ளியோடு வாரந்தோறும் மோதி அடிவாங்க எந்த நிர்வாகமும் விரும்பாது. தூரம் அடுத்த காரணம். ஓஹியோ எல்லையில் இருக்கும் ரிச்மண்டிலிருந்து மேற்கே லஃபாயெட் வரை பள்ளி நாளில் பேருந்து ஓட்டுவது லேசான காரியமா?

இதன் மறுபக்கம் ஊர்கள் சுருங்கியது. ஆன்டர்சனில் ஒரு காலத்தில் மூன்று உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. மேடிசன் ஹைட்ஸ் 1997-லும் ஹைலேண்ட் 2010-லும் மூடப்பட்டு எல்லாம் பழைய பெயருக்கே திரும்பின. மன்சியில் நார்த்சைட் 1988-ல் போனது, சவுத்சைட் 2014-ல் சென்ட்ரலோடு இணைந்தது. மன்சியின் போர்க்-வார்னர் ஆலை 2009-ல் மூடியதையும் இந்த இணைப்பையும் தனித்தனிச் செய்தியாகப் படித்தால் ஒன்றும் புரியாது.

1998-க்குப் பின் எல்லாம் கெட்டுவிட்டது என்கிறார்களே?

1997 வரை மாநிலத்துக்கு ஒரே கோப்பை. 161 பேர் படிக்கும் பள்ளியும் 3,000 பேர் படிக்கும் பள்ளியும் ஒரே களத்தில். 1998-லிருந்து மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு வகுப்புகள், நான்கு கோப்பைகள். சிறிய பள்ளிகளுக்கு நியாயம் என்பது ஆதரவாளர்கள் வாதம். அதில் தப்பில்லை, மிலனுக்குப் பின் 1997 வரை அந்த அளவுப் பள்ளி எதுவும் பட்டம் வெல்லவே இல்லை.

ஆனால் என்.சி.சி. ஊர்களுக்கு இதில் நஷ்டம்தான். மாவட்டத் தலைநகரத்தின் அரங்குக்குச் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளெல்லாம் வந்து மோதும் செக்‌ஷனல் கலைந்தது. பத்து மைல் தள்ளியிருக்கும் ஊரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரோடு மோத வேண்டியதாயிற்று. 1990 இறுதி ஆட்டத்தை, அன்றைய பள்ளி நட்சத்திரம் டேமன் பெய்லிக்காக, 41,046 பேர் இந்தியானாபொலிஸின் ஹூசியர் டோம் அரங்கில் பார்த்தார்கள். அந்தக் கூட்டம் திரும்பவில்லை. வகுப்பு முறை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆலை போன ஊரில் கேலரி எப்படி நிறையும்?

பெண்கள் அணிகள்?

பெண்களுக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1976-ல்தான் தொடங்கியது, ஆண்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி. கோகோமோ பெண்கள் 1992, 1993 என்று அடுத்தடுத்து மாநிலப் பட்டம் வென்றார்கள். கோகோமோ ஆண்களுக்கு வரலாற்றில் மொத்தமே ஒரு பட்டம்தான், 1961-ல்.

அணிப் பெயர்கள் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன?

ஃபிராங்க்ஃபர்ட் அணியின் பெயர் ‘ஹாட் டாக்ஸ்’. ஊர்ப் பெயரும் தொத்திறைச்சியும் ஒன்று என்றால் வேறென்ன வைப்பார்கள்? லோகன்ஸ்போர்ட் ‘பெரீஸ்’, அவர்கள் அரங்கு ‘பெரி பவுல்’. சின்னமோ பழம் அல்ல, கார்ட்டூன் பூனை ஃபீலிக்ஸ், 1926-லிருந்தே. மன்சி ‘பேர்கேட்ஸ்’, மேரியன் ‘ஜயன்ட்ஸ்’, ரிச்மண்ட் ‘ரெட் டெவில்ஸ்’.

ஆன்டர்சன் ‘இந்தியன்ஸ்’ மட்டும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. லெனாபே பழங்குடித் தலைவர் வில்லியம் ஆன்டர்சன் பெயரால்தான் ஊரே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் மாணவர்கள் பழங்குடி வேடத்தில் சடங்கு நடத்தும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. ஊர்க்காரர்கள் அதை மரியாதை என்றார்கள். பூர்வகுடி மக்களில் பலர் அதை அவமதிப்பு என்கிறார்கள். அவர்கள் மக்களை 1820 வாக்கில் அங்கிருந்து மேற்கே வெளியேற்றியதை நினைத்தால் அந்த மரியாதையை ஏற்பது எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

ஆண்கள் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் இறுதியில் தொடங்கும். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம்தான் பார்க்க வேண்டியது. செக்‌ஷனல் மார்ச் தொடக்கத்தில். டிக்கெட் விலை சில டாலர்கள்தான். லஃபாயெட்டை ஒட்டியுள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜெஃப், ஹாரிசன், மெக்கட்சன் மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. காரில் வருபவர்கள் நியூ காசிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த ஊர் கூட்டமைப்பை விட்டுப் போய்விட்டாலும் ஃபீல்ட்ஹவுஸ் அங்கேதான், இந்தியானா கூடைப்பந்துப் புகழ்க்கூடம் 1990-லிருந்து அதன் பக்கத்திலேயே இருக்கிறது. வழியில் பனி கொட்டினால் ஆட்டம் தள்ளிப்போகும், கிளம்பும் முன் பள்ளியின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.